மறு: [கலைச்சொல்] ‘டெர்மினல் எமுலேட்டர்’: போலி முனையமா, பாவனை முனையமா, மெய்நிகர் முனையமா?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

யூஆர்எக்ஸ்விடி என்ற டெர்மினல் எமுலேட்டருக்கான (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தைத் திறக்கும் நிரல்) உதவிப் பக்கம் தமிழில் தயாராகிக்கொண்டிருக்கிறது. பக்கம் முழுவதும் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும் என்று முடிவானதால் கட்டளைகளையும் ஒலிப்படியே எழுதியிருக்கிறோம். முதல் வரியிலேயே ஒரு சொல் தேவைப்படுகிறது. டெர்மினலுக்கு ‘முனையம்’ நிலைத்துவிட்டது. அதில் கை வைக்க வேண்டாம். எமுலேட்டருக்குத்தான் சொல் வேண்டும்.

இதுவரை வந்த முன்மொழிவுகள் மூன்று: போலி முனையம், பாவனை முனையம், மெய்நிகர் முனையம்.

எந்தச் சொல்லானாலும் கீழுள்ள வரிகளில் பொருத்திப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அகராதியில் அழகாக இருந்து, பக்கத்தில் இடறும் சொல் நமக்கு உதவாது.

“வீட்டுக் கோப்புறையில் உள்ள, புள்ளியில் தொடங்கும், அமைப்புகளைக் கொண்ட எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பைத் திருத்தியபின் ‘எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ்’ ஓட்டுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் ____ மாறாது. புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள்.”

“யூஆர்எக்ஸ்விடிடி என்ற பின்னணி நிரல் ஒன்றே எல்லாச் சாளரங்களையும் சுமப்பதால் நினைவகம் மிச்சம். ஆனால் அது விழுந்தால் அதன்கீழ் திறந்த ____ அனைத்தும் சேர்ந்தே விழும்.”

மடல் 2 (மடல் 1-க்கு மறுமொழி)

> பாவனை முனையம்

இலங்கைத் தமிழில் ‘பாவனை’ என்றால் பயன்பாடு. யூசரைப் ‘பாவனையாளர்’ என்றுதான் எழுதுகிறோம். ‘பாவனை முனையம்’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ‘பாவனையில் இருக்கும் முனையம்’ என்று வாசிப்பார்கள். உங்களுடைய முதல் வரியில் வைத்துப் பாருங்கள், பொருளே புரண்டுவிடும். இரண்டு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லைத் தயவுசெய்து எடுக்க வேண்டாம்.

போலிக்கும் மெய்நிகருக்கும் எனக்குத் தனி விருப்பு வெறுப்பு இல்லை. அந்த மூன்றாவதையே வைத்துவிடலாமே?

மடல் 3 (மடல் 2-க்கு மறுமொழி)

> அந்த மூன்றாவதையே வைத்துவிடலாமே?

வைக்க முடியாது அம்மா. அந்தப் பெயருக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார். இங்கே நான்கு வெவ்வேறு பொருள்கள் உள்ளன. நான்கும் ஒரே சொல்லுக்குள் அடைந்தால், பழுது எங்கே என்று வாசகர் தேடவே முடியாது.

முதலாவது, பொருளாக இருந்த முனையம். 1963-இன் டெலிடைப் மாடல் 33 தாளில் அச்சடித்தது; ‘டிடிஒய்’ என்ற பெயர் டெலிடைப்பிலிருந்து வந்ததுதான். 1978-இல் டெக் நிறுவனம் விடி100 என்ற திரை முனையத்தைக் கொண்டுவந்தது; அதன் வழக்கமான திரை 80 நெடுவரிசை, 24 வரி. இன்றும் பல நிரல்கள் திறந்தவுடன் அதே அளவில் நிற்பது அந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாவது, லினக்ஸின் மைய நிரலான கர்னல் தானே வரையும் திரை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருவது. அங்கே ‘டிடிஒய்’ என்று கட்டளை கொடுத்தால் ‘/டெவ்/டிடிஒய்3’ என்று விடை வரும். வர்ச்சுவல் டெர்மினல் என்று ஆவணங்கள் சொல்வது இதைத்தான். ‘மெய்நிகர் முனையம்’ இதற்கே வேண்டும்.

மூன்றாவது, கர்னல் தரும் இரட்டை. சூடோ டெர்மினல், சுருக்கமாகப் பிடிஒய். ஒரு முனை சாளர நிரலிடம், மறுமுனை கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லிடம். சாளரத்துக்குள் அதே ‘டிடிஒய்’ கட்டளை ‘/டெவ்/பிடிஎஸ்/0’ என்று காட்டுவது இதை.

நான்காவதுதான் நாம் பெயர் தேடும் நிரல்: எக்ஸ்டெர்ம், யூஆர்எக்ஸ்விடி, எஸ்டி, ஃபூட் போன்றவை. எக்ஸ் அல்லது வேலாண்ட் என்ற வரைகலைத் திரை அமைப்பில் சாளரம் திறந்து, விடி100 வழிவந்த ஒரு கருவியைப் போல நடந்துகொள்பவை.

பழுதில் வைத்துப் பாருங்கள். சிரூட் சூழலுக்குள் (ஒரு கோப்புறையையே முழுக் கணினியாகக் காட்டும் ஏற்பாடு) யூஆர்எக்ஸ்விடியைத் திறந்தால் ‘சூடோ டிடிஒய்-ஐத் தொடங்க முடியவில்லை’ என்று சொல்லி மூடிக்கொள்ளும். நிரலில் குறை இல்லை. உள்ளே பிடிஒய்களைத் தரும் டெவ்பிடிஎஸ் கோப்பு முறைமை ஏற்றப்படவில்லை, அவ்வளவுதான். ‘மவுண்ட் -டி டெவ்பிடிஎஸ் டெவ்பிடிஎஸ் /டெவ்/பிடிஎஸ்’ என்று, ஜிஐடி 5, மோட் 620 தேர்வுகளோடு ஏற்றினால் திறந்துவிடும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஒரே பெயர் வைத்திருந்தால், வாசகர் நிரலை நீக்கி மறுபடி நிறுவிக்கொண்டே இருப்பார்.

பிடிஒய்க்கு ‘இணைமுனையம்’ என்று முன்மொழிகிறேன். இரட்டை என்பதும் வருகிறது. போலி என்ற உறுத்தலும் இல்லை.

மடல் 4 (மடல் 3-க்கு மறுமொழி)

போலி என்ற சொல்லை இவ்வளவு சீக்கிரம் ஒதுக்கிவிட வேண்டாம் ஐயா. நம் இலக்கணத்தில் போலி என்றால் கள்ளத்தனம் இல்லை. ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நின்று, பொருள் மாறாமல் இருப்பது போலி. பந்தல், பந்தர் ஆவது போல; அறம், அறன் ஆவது போல. விடி100 நின்ற இடத்தில் ஒரு நிரல் வந்து நிற்கிறது. ஷெல்லுக்குப் பொருள் மாறவில்லை. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

மடல் 5 (மடல் 4-க்கு மறுமொழி)

இலக்கணப்படி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. படித்ததும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. ஆனாலும் போலி மருத்துவர், போலி ஆவணம், போலி இணையதளம் என்று நாள்தோறும் படிக்கும் ஒருவர் ‘இந்தப் போலி முனையத்தில் கடவுச்சொல்லைத் தட்டுங்கள்’ என்ற வரியைக் கண்டால் கை தயங்கும். தயங்கவும் வேண்டும். பாதுகாப்பு சார்ந்த எச்சரிக்கைகளுக்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

‘முனையப் போன்மி’ என்பது என் பரிந்துரை. போன்மை என்றால் ஒத்திருத்தல். அதோடு, செய்வதைக் குறிக்கும் இகர விகுதி. உலாவி, செயலி எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். பழகாத சொல் என்பார்கள். உலாவியும் ஒரு நாள் பழகாத சொல்தான்.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. இந்த நிரல்களில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி ‘இது எந்தக் கருவியைப் போல நடக்கிறது’ என்ற கேள்விக்குத் தவறான விடை சொல்வதால் வருகிறது. அந்த விடை ‘டெர்ம்’ என்ற சூழல் மாறியில் இருக்கிறது. போன்மி என்ற பெயர் ‘எதைப் போல?’ என்று கேட்கவைக்கும். சரியான கேள்வி அதுதான்.

யூஆர்எக்ஸ்விடியில் ‘டெர்ம்’ மாறியின் இயல்பு மதிப்பு ‘ஆர்எக்ஸ்விடி-யூனிகோட்-256கலர்’ (88 நிறங்களோடு கட்டப்பட்டதில் வெறும் ‘ஆர்எக்ஸ்விடி-யூனிகோட்’). எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வருக்குப் போனால் அந்தப் பெயருக்கான டெர்மின்ஃபோ பதிவு (அந்த முனையம் எப்படி நடக்கும் என்று சொல்லும் குறிப்பு) அங்கே இல்லாமல் போகலாம். அப்போது டாப், நானோ போன்றவை ‘இந்த முனையத்தைத் திறக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். பலர் உடனே டெர்மை ‘எக்ஸ்டெர்ம்’ என்று மாற்றிவிடுகிறார்கள். நானோ திறந்துவிடும். பிறகு ஹோம், எண்ட் விசைகள் படுத்துவிடும், அல்லது வரியில் ஒரு அலைக்கோடு வந்து விழும். ஏனென்றால் யூஆர்எக்ஸ்விடி ஹோமுக்கு எஸ்கேப்பை அடுத்து [7~ என்றும், எண்டுக்கு [8~ என்றும் அனுப்புகிறது, எக்ஸ்டெர்ம் பதிவோ வேறு தொடரை எதிர்பார்க்கிறது. சோதிப்பது எளிது: கட்டளை வரியில் கண்ட்ரோல்-வி அழுத்தி, அடுத்து ஹோம் அழுத்துங்கள். வருவதை, அந்தப் பதிவைப் படித்துக் காட்டும் ‘இன்ஃபோசிஎம்பி’ கட்டளை தரும் ‘கேஹோம்’ மதிப்போடு ஒப்பிடுங்கள்.

சரியான வழி, பதிவையே அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது. ‘இன்ஃபோசிஎம்பி -எக்ஸ்’ தரும் வெளியீட்டைக் குழாய்க்குறி வழியாக எஸ்எஸ்எச்சுக்குக் கொடுத்து, மறுபக்கம் ‘டிக் -எக்ஸ் -’ ஓட்டினால் போதும். நிர்வாகி உரிமை வேண்டாம். உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே டெர்மின்ஃபோ என்ற மறைகோப்புறையில் பதிந்துவிடும். டெபியன் சர்வரில் உங்களுக்கு நிர்வாகி உரிமை இருந்தால் ‘என்கர்சஸ்-டெர்ம்’ பொதியை நிறுவினாலும் தீரும்.

டெர்மை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் எழுதி வைக்கும் பழக்கம் இதைவிட மோசம். ஒரே சாளரத்துக்குள் பல முனையங்களை நடத்தும் டிமக்ஸுக்குள் போனால் அங்கே போன்மி டிமக்ஸ்தான்; டெர்ம் ‘டிமக்ஸ்-256கலர்’ அல்லது ‘ஸ்கிரீன்-256கலர்’ ஆக இருக்க வேண்டும். பாஷ்ஆர்சி அதை அழித்துவிட்டு, வெளியே நிற்பதன் பெயரைச் சொல்லும். நிறம் கெடும், திரை கலையும்.

மடல் 6 (மடல் 5-க்கு மறுமொழி)

போன்மிக்கு என் வாக்கு. கூடவே இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடுவோம், ஏனென்றால் தமிழ் வாசகர் இந்தப் பக்கத்துக்கு வருவதே இதற்காகத்தான்: முனையத்தில் தமிழ் ஏன் உடைகிறது?

உதவிப் பக்கத்தின் வரைவில் ‘எழுத்து’ என்ற ஒரே சொல் மூன்று இடத்தில் மூன்று பொருளில் வருகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு அதில் மூன்று எழுத்து: த, மி, ழ். யூனிகோடில் அது ஐந்து குறியெண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் 15 பைட். முனையத் திரையிலோ அது நான்கு இடம் பிடிக்கிறது. பரவலாகப் புழங்கும் ‘டபிள்யூசிவிட்த்’ கணக்குப்படி, இடம் அடைக்காத குறி என்று வகைப்படுத்தப்பட்டவற்றுக்கு அகலம் 0; இடம் அடைக்கும் குறிக்கு 1. புள்ளி முதல் வகை. இகரக் குறி இரண்டாம் வகை. ஈகாரக் குறி மறுபடியும் முதல் வகை! ஆகவே ‘மி’ இரண்டு இடம், ‘மீ’ ஒரு இடம். தமிழ் தெரிந்த யாரும் இப்படி எண்ண மாட்டார்கள். ஆனால் பட்டியல் அப்படித்தான் இருக்கிறது.

அந்த இடத்துக்குக் ‘கட்டம்’ என்று சொல்வோம். குறியெண், கட்டம், எழுத்து என்று மூன்றையும் பிரித்துவிட்டால் விளக்கம் தானே வந்துவிடும்.

யூஆர்எக்ஸ்விடியும் எக்ஸ்டெர்மும் குறிகளை இடம் மாற்றி அடுக்குவதில்லை. வந்த வரிசையில் கட்டத்துக்குக் கட்டம் வரைகின்றன. ‘பெண்’ என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ப-வுக்குப் பின்னால் விழுந்து, அடுத்துள்ள ண-வோடு ஒட்டிக்கொண்டதாகத் தெரியும். எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது. இதைப் பக்கத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ்க் கோப்புகளை அதிகம் திறப்பவர்களுக்கு எம்எல்டெர்ம் போல இந்திய எழுத்துகளை அடுக்கத் தெரிந்த போன்மியைப் பரிந்துரைப்பதே நேர்மை. ஹார்ஃப்பஸ் நூலகத்தைக் கொண்டு எழுத்தை அடுக்கும் கிட்டி, ஃபூட் போன்றவையும் உண்டு. ஆனால் அங்கேயும் ஷெல் ஒரு அகலக் கணக்கும் போன்மி ஒரு கணக்கும் வைத்தால், தட்டும் இடத்தைக் காட்டும் சுட்டி (கர்சர்) தள்ளி நிற்கும்.

எழுத்துருவால் தீரும் சிக்கல்கள் வேறு. தமிழுக்குப் பதில் வெறும் பெட்டிகள் வந்தால் ‘எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ’ ஓட்டி, தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘யூஆர்எக்ஸ்விடி.ஃபான்ட்’ வரியில் முதலில் டெஜாவு சான்ஸ் மோனோ, காற்புள்ளி, பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் என்று இரண்டையும் எக்ஸ்எஃப்டி முன்னொட்டோடு கொடுக்க வேண்டும். வரிசை முக்கியம்: கட்டத்தின் அளவை முதல் எழுத்துருதான் தீர்மானிக்கிறது. சம அகலமில்லாத ஒன்றை முதலில் வைத்தால் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே பள்ளம் விழும். சம அகல எழுத்துருவிலேயே மெல்லிய இடைவெளி தெரிந்தால் ‘லெட்டர்ஸ்பேஸ்’ மதிப்பை -1 ஆக்குங்கள்.

பெட்டியும் இல்லாமல் கேள்விக்குறிகளாக வந்தால் எழுத்துருவைத் தொடவே வேண்டாம். மொழி, குறியாக்க அமைப்பைக் காட்டும் ‘லொகேல்’ கட்டளையில் எல்சி_சிடைப் என்ன என்று பாருங்கள். ‘சி’ அல்லது ‘பாசிக்ஸ்’ என்றிருந்தால் அதுதான் காரணம். யூடிஎஃப்-8 லொகேல் ஒன்றை அமைத்து, போன்மியைப் புதிதாகத் திறக்க வேண்டும்.

மடல் 7 (மடல் 6-க்கு மறுமொழி)

> எக்ஸ்ரிசோர்சஸ் கோப்பைத் திருத்தியபின் ‘எக்ஸ்ஆர்டிபி -மெர்ஜ்’ ஓட்டுங்கள்

சொல்லைப் பற்றியது அல்ல, ஆனால் இந்த வரியோடு மூன்று எச்சரிக்கை சேர்க்கவும். ஒன்று, கருத்து வரிக்கு ஆச்சரியக்குறி. கட்டக்குறி (#) போட்டால் அதை, கோப்பை முதலில் படிக்கும் முன்செயலி தன் கட்டளையாக எடுத்துக்கொண்டு குழம்பும். இரண்டு, மதிப்புக்குப் பின்னால் தெரியாமல் விட்ட ஒரு வெற்றிடமும் மதிப்பின் பகுதியாகிவிடும். எழுத்துருப் பெயரும் நிறமும் சரியாக இருந்தும் ஏற்கவில்லை என்றால் வரியின் வாலைப் பாருங்கள். மூன்று, ‘-லோட்’ என்று கொடுத்தால் பழையவை எல்லாம் அழிந்து இந்தக் கோப்பு மட்டும் மிஞ்சும். உண்மையில் என்ன ஏறியிருக்கிறது என்பதை ‘எக்ஸ்ஆர்டிபி -க்வெரி’ காட்டும்.

எஸ்டிக்குத் தனிப் பக்கம் எழுதுவது நல்லது. அதற்கு எக்ஸ்ரிசோர்சஸே கிடையாது, கான்ஃபிக்.எச் கோப்பைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டும். பின்னோக்கி உருட்டிப் பார்க்கும் வசதிகூட இயல்பாக இல்லை, ஒட்டு (பேட்ச்) போட்டுச் சேர்க்க வேண்டும்.

மடல் 8 (மடல் 1 எழுதியவர்)

எல்லோருக்கும் நன்றி. பதிவாக இடுவது:

முனையம்: பொருளாக இருந்த கருவி, பட்டியல்களில் சுருக்கப் பெயராகவும் நிற்கலாம்.
முனையப் போன்மி: நிரல். இரண்டாம் முறையிலிருந்து ‘போன்மி’ மட்டும் போதும்.
மெய்நிகர் முனையம்: கர்னல் வரையும் திரை.
இணைமுனையம்: பிடிஒய்.
கட்டம், குறியெண், எழுத்து: மடல் 6-இல் உள்ளபடி.

சோதனை வரியில் வைத்துப் பார்த்தேன்: “ஏற்கெனவே திறந்திருக்கும் போன்மி மாறாது, புதிதாக ஒன்றைத் திறந்து பாருங்கள்.” இடறவில்லை.

ஸ்க்ரோல்பேக்குக்கு (பின்னோக்கி உருட்டிப் பார்க்கச் சேமித்துவைக்கும் வரிகள்) சொல் இன்னும் இல்லை. ‘பின்னோட்டம்’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வலைப்பதிவுகளின் ‘பின்னூட்டம்’ காதில் மோதுகிறது. ‘சேவ்லைன்ஸ்’ மதிப்பை விளக்கும் வரி அதனால் நிற்கிறது: “யூஆர்எக்ஸ்விடி.சேவ்லைன்ஸ்: 10000 என்று கொடுத்தால் ____ பத்தாயிரம் வரி வரை இருக்கும்.” இதற்கும் ஒரு சொல் அனுப்புங்கள்.