வயிற்றில் காற்று: குடலில் ஓட்டையா, நுரையீரலிலிருந்து இறங்கியதா?

பச்சிளங்குழந்தை மருத்துவர்கள், குழந்தை அறுவை மருத்துவர்கள் கருத்துச் சொல்லுங்கள், கொஞ்சம் அவசரம்.

27 வாரக் குறைமாதக் குழந்தை, 900 கிராம், 4ஆம் நாள், வென்டிலேட்டரில். இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே காற்று. குடல் சுவருக்குள் குமிழ்கள் இல்லை, அதனால் குடல் அழற்சி (என்.ஈ.சி.) போலத் தோன்றவில்லை. நுரையீரல் திசுவிலும் மீடியாஸ்டினத்திலும் (இரு நுரையீரல்களுக்கு நடுவிலுள்ள பகுதி) காற்றுக் கசிவு உண்டு, அங்கிருந்து இறங்கியிருக்கலாம். ஆனால் இண்டோமெதசின், ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற இரு மருந்துகளும் சேர்ந்தே போயிருக்கின்றன. முதல் வாரத்தில் சிறுகுடலின் கடைப்பகுதியில் தானாக ஓட்டை விழ இந்தச் சேர்க்கையே போதும்.

பால் நிறுத்தம், வாய்வழி 8 பிரெஞ்சு குழாயில் உறிஞ்சல், ஆன்டிபயாடிக், வென்டிலேட்டர் அழுத்தம் குறைப்பு எல்லாம் ஆயிற்று. வயிறு இறுகி மூச்சு ஏற்றம் தடைப்பட்டால் 24 கேஜ் கேனுலாவால் காற்றை வெளியேற்றத் தயார்.

வெளியே எடுத்த காற்றின் ஆக்சிஜன் அளவு, கொடுக்கும் ஆக்சிஜனுக்கு நெருக்கமாக இருந்தால் நுரையீரல் என்பார்கள். இங்கே கொடுப்பதே 30% தான், சாதாரணக் காற்றை விடச் சற்றே அதிகம். அந்தச் சோதனையை நம்பலாமா? ஊசியில் பழுப்பு நீரோ கிருமியோ வந்தால் முடிவு எளிது. ஒன்றும் வராவிட்டால்? அதை வைத்து ஓட்டை இல்லை என்று சொல்ல முடியாதே.

ஓட்டைதான் என்றால் பென்ரோஸ் டிரெய்னா (சிறு துளை வழியே வைக்கும் மென்மையான வடிகுழாய்), வயிற்றைத் திறப்பதா? இவ்விரண்டையும் ஒப்பிட்டு 2021இல் வந்த நெஸ்ட் ஆய்வில் 1000 கிராம் வரையிலான குழந்தைகளில் மொத்தமாக வித்தியாசம் தெரியவில்லை. திறப்பது மேல் என்று தோன்றியது என்.ஈ.சி. பிரிவில் மட்டும். உங்கள் யூனிட்டில் எதைச் செய்கிறீர்கள்?