வாட்ச் பட்டைக்கு அடியில் ஒரு சின்ன மூடி: உங்கள் கண்ணிலும் பட்டதா?

பாம்பனிலிருந்து:

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்கள் ஊரின் தென்கடலில் அலை தூக்கும், வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வடகடல் பக்கம்தான் நீந்தப் போனேன். கையில் ஆப்பிள் வாட்ச் சீரீஸ் 3, மச்சான் துபாயிலிருந்து ஊருக்கு வந்தபோது கழற்றிக் கொடுத்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பட்டையின் ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. இரண்டு பட்டைகளையும் உருவி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவினேன்.

அப்போதுதான் பார்த்தேன். கீழ்ப் பட்டை செருகும் பள்ளத்துக்குள் நெல்மணி மாதிரி நீளவாக்கில் ஒரு மூடி. மூன்று வருடமாகக் கட்டுகிறேன், ஒரு நாள்கூடக் கவனித்ததில்லை.

வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தம்பி அதைச் சிம் போடும் இடம் என்றான். உடன் வேலை பார்ப்பவர் ஒருவர், நாம் பேசுவதைக் கேட்கிற மைக் என்று பயமுறுத்தினார். எனக்கு என்னவோ பட்டை வழியாகச் சார்ஜ் ஏற்றுவதற்காக வைத்த வழி என்றே தோன்றுகிறது. பேட்டரி வைத்த பட்டை ஒன்று வந்தால் சார்ஜரைத் தேட வேண்டாமே! குண்டூசியால் நெம்பிப் பார்க்கலாமா என்று கை பரபரக்கிறது. யாராவது திறந்து பார்த்திருக்கிறீர்களா?

ராமநாதபுரத்திலிருந்து:

நெம்ப வேண்டாம் அண்ணே. நான் செல்போன், வாட்ச் பழுது பார்க்கிறவன், சொல்கிறேன்.

அந்த மூடிக்குக் கீழே ஆறு சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்கள் வாட்சைக் கணினியோடு இணைத்துச் சோதிக்கவும், மென்பொருளைத் திரும்ப ஏற்றவும் வைத்த வாசல் அது. சிம் கிடையாது. சிம் வசதி உள்ள ஆப்பிள் வாட்சிலும் இ-சிம்தான் உள்ளே இருக்கிறது, அட்டை செருகும் இடமே இல்லை. மைக், ஸ்பீக்கர் துளைகள் பக்கவாட்டில் வெளியே தெரிகிற மாதிரியே இருக்கின்றன.

சார்ஜ் பற்றி நீங்கள் நினைத்தது வீண் கற்பனை இல்லை. 2015 ஏப்ரலில் முதல் ஆப்பிள் வாட்ச் விற்பனைக்கு வந்தவுடனேயே உலகம் முழுக்க இதே கேள்வி கிளம்பியது. பேட்டரிப் பட்டை செய்த ஒரு நிறுவனம், இந்த ஆறு புள்ளிகள் வழியாகவே சார்ஜ் ஏற்றலாம் என்று அறிவிக்கவும் செய்தது. ஆனால் ஆப்பிள் அந்த வாசலை வெளியார் பட்டைகளுக்குத் திறந்துவிடவில்லை.

நெம்ப வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020இல் தொண்டியிலிருந்து ஒருவர் வாட்ச் கொண்டுவந்தார். அப்டேட் போடும்போது பாதியில் நின்று, திரையில் சிவப்பு ஆச்சரியக்குறி. இந்த வாசலில் பொருத்துகிற அடாப்டர் ஒன்று என்னிடம் இருந்தது, ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். பட்டையைக் கழற்றினால் மூடியைக் காணோம். ஊக்கால் நெம்பி எடுத்து எங்கேயோ போட்டிருக்கிறார். அப்படியே பல தடவை கடலில் இறங்கியிருக்கிறார். தண்ணீர் உள்ளே போகவில்லை, ஆனால் இரண்டு புள்ளிகளை உப்பு அரித்துவிட்டது. அடாப்டர் கடைசிவரை பிடிக்கவே இல்லை. அந்த வாட்சை உயிரோடு திருப்பிக் கொடுக்க முடியாமல் போனது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது நிலைமை கொஞ்சம் தேவலை. 2022 மார்ச்சில் ஐபோனுக்கு வந்த ஐஓஎஸ் 15.4, வாட்சுக்கு வந்த வாட்ச்ஓஎஸ் 8.5 என்கிற மென்பொருள்களுக்குப் பிறகு, அப்படி நின்றுபோன வாட்சைப் பக்கத்தில் ஐபோனை வைத்தே மீட்கலாம். ஆனாலும் அந்த மூடி அதன் இடத்திலேயே இருக்கட்டும்.

கீழக்கரையிலிருந்து:

எனக்கு நடந்தது நேர் எதிர். என் தம்பி சீரீஸ் 3 கட்டுகிறான், அதில் அந்த மூடி உண்டு. வாப்பா எனக்குச் சீரீஸ் 7 அனுப்பினார்கள். ஆசையாகப் பட்டையைக் கழற்றிப் பார்த்தால் பள்ளம் வழுவழுவென்று இருக்கிறது. சரி, யாரோ டூப்ளிகேட்டைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. பாவம், சம்பளத்தை மிச்சம்பிடித்து வாங்கியது.

அப்புறம்தான் தெரிந்தது, 2021இல் வந்த சீரீஸ் 7இலிருந்தே அந்த வாசலை எடுத்துவிட்டார்கள். சர்வீஸ் வேலைக்கு 60.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கம்பியில்லாமல் இணைக்கிற முறை வைத்திருக்கிறார்கள். பழைய மாடல் வைத்திருப்பவரோடு ஒப்பிட்டுப் பார்த்து யாரும் என்னைப் போலப் பதற வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:

இது வேறு கம்பெனி வாட்ச், ஆனாலும் சொல்ல வேண்டும். நான் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவன். என் வாட்சின் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு துளைகள் இருந்தன. மணல் அடைத்திருக்கிறது என்று ஊசியை விட்டுக் குடைந்தேன். அது காற்றழுத்தம் அளக்கிற துளையாம். கடல் மட்டத்தில் சாதாரணமாக 1013 ஹெக்டோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டியது, அன்றிலிருந்து வாய்க்கு வந்ததைக் காட்டுகிறது. வாடைக்காலத்தில் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது எனக்கு ஒரு தெம்பு. வானிலை எச்சரிக்கையைக் கேட்டுத்தான் போகிறோம் என்றாலும், கையிலேயே ஒரு கணக்கு இருந்தது. அதை நானே கெடுத்துக்கொண்டேன். துளை அடைத்தால் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே காய விடுங்கள், ஊசி வேண்டாம்.

சின்னப்பாலத்திலிருந்து:

அம்மா பாசி எடுக்கப் போவார்கள். நான் வாங்கிக்கொடுத்த, வாட்ச் மாதிரி கையில் கட்டுகிற ஃபிட்னஸ் பேண்டைக் கட்டிக்கொண்டே கடலில் இறங்கிவிட்டு, வந்ததும் ஈரத்தோடு சார்ஜில் போடுவார்கள். உப்புத்தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் சீக்கிரம் அரித்துவிடும் என்று எனக்கு அப்போது தெரியாது. முதுகுப்பக்கம் இருந்த இரண்டு சார்ஜ் புள்ளிகளும் பச்சைக் களிம்பு ஏறிப் போய்விட்டன. இப்போது புது பேண்ட். கழுவி, துடைத்து, விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் சார்ஜ்.

பாம்பனிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. குண்டூசியைத் தையல் டப்பாவிலேயே போட்டுவிட்டேன். பள்ளத்தை விரலால் தேய்த்துக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன், மூடி அசையாமல் இருக்கிறது. தம்பியிடம் சிம் இல்லை என்று சொன்னேன், நம்ப மறுக்கிறான். ராமநாதபுரம் அண்ணன் எழுதியதைக் காட்டப் போகிறேன்.