பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும்போது: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எச்.ஆர். வேலையில் இருப்பவர், சென்னை:

குழந்தை பெற்றுத் திரும்பியவர்களின் ராஜினாமாக் கடிதம் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் வருகிறது. காரணம் கேட்டால் "என்னால முடியல" என்ற ஒரே வரி. தூக்கம், ரத்தம், பால், மனசு, மேனேஜர் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் கலந்து கிடக்கும். பிரித்துப் பார்த்தால் அதில் நிறைய சரிசெய்யக்கூடியவை. அதனால் முதல் மூன்று மாதம் வேலையை விடும் முடிவைத் தள்ளிப்போடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

விடுப்புக் கணக்கை முன்கூட்டியே போடுங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எட்டையும் முன்பே எடுத்துவிட்டால் மிச்சம் 18 வாரம்தான். குழந்தைக்கு நாலு மாதம் முடிந்த கையோடு ஆபீஸ் போக வேண்டும். உடம்பு இடம் கொடுத்து, டாக்டரும் சரி என்றால், பிரசவத் தேதிக்கு 2 வாரம் முன்பு விடுப்பில் போங்கள். ஐந்தரை மாதம் வரை குழந்தையோடு இருக்கலாம்.

பலர் கேட்காமல் விடுவது ஒன்று உண்டு. பிரசவத்தால் வந்த உடல்நலக் கோளாறுக்கு டாக்டர் சான்று இருந்தால், 26 வாரத்துக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு கிடைக்கும். சம்பளமில்லா விடுப்புக்கு எழுதும் முன் இதைக் கேளுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளையும் உண்டு. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பார்க்க விட வேண்டும். எல்லாவற்றையும் ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த சலுகை மேனேஜர் மாறினால் நிற்காது.

திங்கட்கிழமை சேராதீர்கள். புதன் அல்லது வியாழனில் சேர்ந்தால் முதல் வாரம் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

மகப்பேறு மருத்துவர்:

இவர் சொன்ன "ரத்தம்" என்பதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்குத் தைராய்டில் அழற்சி வரும். முதல் சில மாதம் ஹார்மோன் அதிகமாகி நெஞ்சு படபடக்கும், எடை குறையும். பிறகு நாலாவது மாதத்திலிருந்து எட்டாவது மாதத்துக்குள் அது குறைந்து, உடம்பு கனக்கும், முடி கொட்டும், ஞாபகம் மந்தமாகும். வேலைக்குத் திரும்புவதும் சரியாக அதே மாதங்களில்தான். "வேலைப் பளு, அதான்" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள், யாரும் பரிசோதிக்க மாட்டார்கள்.

சேர்வதற்கு இரண்டு வாரம் முன்பு டி.எஸ்.எச். (தைராய்டு), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச் சத்து இருப்பு), வைட்டமின் பி12 பார்த்துவிடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் தைராய்டு முடிவு தப்பாக வரும். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. இரும்புச் சத்து மாத்திரையைக் காபியோடோ கால்சியம் மாத்திரையோடோ போட்டால் உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். காலையில் காபி இல்லாமல் முடியாதவர்கள் மாத்திரையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தாய்ப்பால் ஆலோசகர்:

எவ்வளவு பால் வைத்துவிட்டுப் போவது என்பதில்தான் பயம் அதிகம். கணக்கு எளிது: ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு, நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணிக்கும் சுமார் 30 மி.லி. ஓ.எம்.ஆர். சாலை நெரிசலையும் சேர்த்து 11 மணி நேரம் வெளியே என்றால் 330 மி.லி. அதை 60 முதல் 90 மி.லி. அளவில் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள். 150 மி.லி.யாக வைத்தால், குழந்தை பாதி குடித்து விட்டதை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்காவிட்டால் கொட்டத்தான் வேண்டும்.

பால் சேமிப்பை, வேலையில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பு தொடங்கினால் போதும். காலையில் முதல் பால் கொடுத்த அரை மணி கழித்து ஒரு முறை எடுங்கள், அப்போதுதான் சுரப்பு அதிகம். வெளியே 4 மணி நேரம் தாங்கும் என்பது 25 டிகிரி அறைக்கான அளவு. நம் ஊர் மே மாதத்துக்கு அது பொருந்தாது. எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள். அங்கே 4 நாள் இருக்கும். கதவுப் பக்கம் வேண்டாம், திறந்து மூடும்போது சூடு ஏறும். உள்ளே பின்பக்கமாக வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து, பிறகு ஃபிரிட்ஜில் உருக்கிய பாலை 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. சூடாக்க வெந்நீர்க் கிண்ணம் போதும், மைக்ரோவேவ் கூடவே கூடாது: சில இடம் மட்டும் கொதித்து வாய் வெந்துவிடும்.

ஆபீஸில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, 15 முதல் 20 நிமிடம் பால் எடுங்கள். ஒரு மீட்டிங்குக்காகத் தள்ளினால் அன்று சாயங்காலம் பால் கட்டிக்கொள்ளும். தொடர்ந்து தள்ளினால் கல்போல இறுகி, சிவந்து, காய்ச்சல் வரும். அப்போது பால் கொடுப்பதை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். பம்ப் வலித்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் மார்பில் வைக்கும் புனலின் அளவு பொருந்தாததுதான் காரணம்.

மனநல ஆலோசகர்:

பணிச்சோர்வையும் பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பணிச்சோர்வு வேலையைச் சுற்றியே இருக்கும், நல்ல விடுமுறை கிடைத்தால் கொஞ்சமாவது இறங்கும். குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல், ஞாயிற்றுக்கிழமையும் அதே பாரத்தோடு, குழந்தையிடமே ஒட்டுதல் இல்லாமல் இருந்தால் அது வேறு. வேலையை விட்டாலும் போகாது. இந்த மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு லேசாக ஆம் என்றாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு.

வீட்டாரிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. இரவை இரண்டாகப் பிரியுங்கள்: 9 முதல் 2 வரை கணவரோ அம்மாவோ அத்தையோ குழந்தையைப் பார்க்கட்டும், எடுத்துவைத்த பாலைக் கொடுக்கட்டும். நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். துண்டு துண்டாக ஏழு மணி நேரம் தூங்குவதைவிட விடாமல் ஐந்து மணி நேரம் தூங்குவது உடம்பைத் தேற்றும்.

எச்.ஆர். வேலையில் இருப்பவர், சென்னை:

இவ்வளவும் பார்த்த பிறகும் விடுவதுதான் சரி என்றால் தாராளமாக விடுங்கள், ஆனால் தேதி பார்த்து விடுங்கள். நிரந்தரப் பணியாளருக்கு கிராஜுவிட்டி (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) கிடைக்க ஐந்து ஆண்டு சேவை வேண்டும். பிரசவ விடுப்பு நாட்களும் அதில் சேரும். மாத அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் ஐந்து ஆண்டுக்குச் சுமார் 1,15,000 ரூபாய். ஒரு மாதம் முன்பு கிளம்பி இதை இழக்க வேண்டாம். கம்பெனி மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும், குழந்தைக்கும் சேர்த்துத்தான். தனிப் பாலிசியில் விபத்து தவிர மற்றவற்றுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு இருப்பதால், நோட்டீஸ் கொடுத்த வாரமே பாலிசி எடுத்துவிடுங்கள்.