விளையாட்டு வீரர்கள் நிரூபிக்கப்படாத சிகிச்சைகளை நாடுவது ஏன்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
400 மீட்டர் ஓடும் என் தம்பிக்குப் பின்தொடைத் தசை பிடித்து மூன்று வாரங்களாகின்றன. பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைப் பத்தே நாளில் கைவிட்டு, பாலக்காட்டில் ஒருவரிடம் கப்பிங் (தோலை உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணங்களை வைக்கும் சிகிச்சை) வைத்துக்கொண்டு, தொடையில் வட்ட வட்டமான கன்றல்களோடு வந்து நிற்கிறான். கேட்டால், 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் இருந்ததும் இதுதானே என்கிறான். நொடியை நூறாகப் பிரித்துக் கணக்குப் பார்ப்பவர்கள், சிகிச்சையில் மட்டும் கணக்குக் கேட்காதது ஏன்?

பிசியோ, சித்தூர்:
தாங்க முடியாத வலி வந்த அன்றுதான் ஒருவர் புதிய சிகிச்சையைத் தேடிப் போகிறார். உச்சத்தில் இருக்கும் வலி எப்படியும் இறங்கும் என்பதால், அந்த வாரத்தில் செய்தது எதுவோ அதற்கே பெயர் போய்ச் சேருகிறது. பவர் பேலன்ஸ் கைப்பட்டை நினைவிருக்கிறதா? சமநிலையைக் கூட்டும் என்று நட்சத்திர வீரர்களே அணிந்திருந்த அதற்கு நம்பத்தகுந்த அறிவியல் சான்று இல்லை என்பதை, ஆஸ்திரேலியாவில் அதை விற்ற நிறுவனமே 2010 இறுதியில் ஒப்புக்கொண்டது. பெல்ப்ஸின் வட்டங்கள் உலகுக்கே தெரிந்தன. பல்லாண்டுகள் அவர் நீந்திய தூரம் யார் கண்ணிலும் படவில்லை.

பழைய ஓட்டக்காரன்:
பிசியோ சொல்வது சரி, ஆனால் பாதிதான். மாவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் எனக்கு முழங்கால் வீங்கியது. மருத்துவர் மூன்று நிமிடம் பார்த்து, "ஆறு வாரம் ஓடாதே" என்றார். உழிச்சில் (எண்ணெய் தேய்த்து நீவிவிடும் சிகிச்சை) செய்த வைத்தியரோ ஒரு மணி நேரம் காலைத் தொட்டுப் பார்த்து, எங்கே வலிக்கிறது, எப்போது விழுந்தாய், இரவில் தூங்குகிறாயா என்றெல்லாம் கேட்டு, "ஓடலாம் மகனே" என்றார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடத்தை எதிர்பார்த்திருந்த பதினெட்டு வயதுப் பையன் யார் பேச்சைக் கேட்பான்? ஓடினேன், அந்தக் கால் இன்றும் மடங்க மறுக்கிறது. என்னை இழுத்தது எண்ணெய் அன்று, அந்த ஒரு மணி நேரம்.

பிசியோ, சித்தூர்:
அண்ணா, அந்தக் குற்றச்சாட்டை எங்கள் தரப்பில் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கப்பிங்கைவிட எனக்குக் கவலை தருவது, அத்தகைய இடங்களில் கூடவே கொடுக்கப்படும் லேகியமும் பொடியும்தான். ஊக்கமருந்து விதிகளின்படி, வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால், அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டாலும் பொறுப்பு அவருடையதே. தம்பி ஏதேனும் உட்கொள்கிறாரா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தேனில் குழைத்து ஏதோ ஒரு பொடியைக் காலையில் சாப்பிடுகிறான். டப்பாவில் பெயர்கூட ஒட்டியிருக்கவில்லை. இன்றிரவே அதை எடுத்து வைத்துவிடுகிறேன்.