'செட்' என்ற ஒரே சொல்லை எப்படிச் சொல்லித் தருவது?

வணக்கம் நண்பர்களே. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். நேற்று 'செட்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டோம். சூரியன் மறைந்தாலும் செட், தயிர் உறைந்தாலும் செட், சிமென்ட் இறுகினாலும் செட், அலாரம் வைத்தாலும் செட். 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் இதற்குச் சுமார் 430 பொருள்கள் இருக்கின்றன!

மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேரைப் பார்த்தால் இது 'சிட்' என்பதன் பிறவினை, அதாவது உட்கார வைப்பது. நம் 'இரு', 'இருத்து' போலத்தான். இதைச் சொன்னதும் பிள்ளைகளின் முகம் தெளிந்தது. அலாரம், சாப்பாட்டு மேசை, முறிந்த எலும்பு எல்லாம் அதில் அடங்கிவிட்டன. கணக்குப் பாடத்தின் 'கணம்' மட்டும் அடங்கவில்லை. தொகுதி என்ற அந்தப் பொருள் பிரெஞ்சு வழியாக வந்தது. செட் தோசையும் அந்தப் பக்கம்தான்.

சரி, 'செட் அப்', 'செட் ஆஃப்', 'செட் இன்' இவற்றை எப்படிப் புரியவைப்பது? ஒரு வகுப்பில் எத்தனை பொருள் தாங்கும்? ஆசிரியர்கள் யாராவது செய்து பார்த்த வழி இருந்தால் எழுதுங்கள். பிள்ளைகளின் அன்றாடத்திலிருந்து எடுத்த வாக்கியங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. அடுத்த வகுப்பு சனிக்கிழமை.