புதுப்பிப்பு: வாட்ஸ்அப்பில் ஆதார் கேட்ட எச்ஆர் விவகாரம்

புது வேலையில் சேர ஆதார், பான் எல்லாவற்றையும் எச்ஆர் தன் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பச் சொல்கிறார், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மின்னஞ்சலில் கேட்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. எந்த ஆவணம் எதற்கு, யார் பார்ப்பார்கள், வேலையை விட்டால் எப்போது அழிப்பீர்கள் என்று எழுத்தில் கேட்டேன். மறுநாளே நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதிவேற்ற இணைப்பு வந்தது.

பான் கொடுத்துவிட்டேன். அது இல்லாவிட்டால், வரி கட்டவேண்டிய அளவு சம்பளம் இருப்பவர்களுக்கு வரிப் பிடித்தம் குறைந்தது 20 சதவீதம் ஆகிவிடும். ஆதாருக்கு, ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட பிரதியை இறக்கித் தந்தேன். அடையாளத்துக்கு அதுவே போதும் என்று ஏற்றுக்கொண்டார்கள். பி.எஃப்.புக்கு மட்டும் முழு எண் தேவை. என் பழைய யுஏஎன்னில் (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) அது ஏற்கெனவே இணைந்திருந்ததால் யுஏஎன்னை மட்டும் கொடுத்தேன். அப்புறம், கைரேகையை யாரும் தவறாகப் பயன்படுத்தாதபடி ஆதாருக்குப் பயோமெட்ரிக் பூட்டும் போட்டுவிட்டேன். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அசல் பட்டச் சான்றிதழைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தந்தார்கள்.

அழிப்பது பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எனக்கு முன்னால் சேர்ந்தவர்களின் ஆதார் படங்கள் எச்ஆரின் சொந்தக் கைபேசியில்தான் இருக்கின்றன. அவற்றை நீக்கச் சொல்லி நாங்கள் சிலர் சேர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.