சௌராஷ்டிர எழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நான் மதுரைக்காரி, டெக்ஸ்டைல் டிசைன் கடைசி வருஷம். புராஜெக்ட்டுக்குச் சுங்குடியை எடுத்தேன்; துணியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி, புள்ளி புள்ளியாக வரவைக்கும் சேலை வேலை. பாட்டி முடிச்சுப் போட்டே குடும்பத்தை ஓட்டியவர், எனக்கும் கை பழகிய வேலை. முதல் ரிவியூவிலேயே, "முடிச்சு பாட்டியோடது. இதில் நீ எங்கே?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், ஆனால் அந்த எழுத்தில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. (பாட்டிக்கும் தெரியாது. அவர் கணக்கு நோட்டு முழுக்கத் தமிழ்தான்.) அதனால் பாட்டி அடிக்கடி சொல்லும் நாலு வரியை அந்த எழுத்திலேயே, முடிச்சுப் புள்ளிகளால் சேலையில் கொண்டுவரப் பார்க்கிறேன். 2008-லேயே யூனிகோடில் சேர்ந்துவிட்டதால் ஃபான்ட் கிடைத்தது. நான் அடித்தது சரியா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மதுரை, பரமக்குடி, சேலம் பக்கம் யாராவது பெரியவர்கள் பார்த்துத் தருவீர்களா?

இன்னொன்று. சாயத்தில் முக்கி எடுத்தால் நெருக்கமான புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி எழுத்தே குழம்பிவிடுகிறது. மெல்லிய காட்டன் துணிதான். புள்ளிக்குப் புள்ளி எவ்வளவு இடைவெளி விடலாம்? பாட்டியைக் கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்" என்கிறார்.